எதிரே வந்த ஆட்டோ

எனக்கு இடது வலது வராது. சோறு தின்னும் கை எது என்று ஒரு கணம் யோசித்துத்தான் சொல்ல முடியும். இந்த லட்சணத்தில், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வழி சொல்வதை மட்டும் நான் விட்டதில்லை. வாய் 'லெஃப்ட்' என்னும், கை வலப்பக்கம் நீளும். கல்யாணமான புதிதில் கழக்கூட்டம் பைபாஸில் நாலைந்து தடவை அலைந்த பிறகு என் கணவர் ஓர் உபாயம் கண்டுபிடித்தார். நான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. ஸ்கூட்டரின் எந்தப் பக்கத்துக் கண்ணாடியில் என் கை தெரிகிறதோ அந்தப் பக்கம் திரும்புவார். போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம். ஆனால் எனக்கு மனசு ஆறாது. பிறகு வாய் என்று ஒன்று எனக்கு எதற்கு?

அப்படிப்பட்ட நான் போய்ச் சேர்ந்த இடம்தான் பேப்பர் பீசிங் வகுப்பு. துண்டுத் துணிகளைச் சேர்த்து க்வில்ட், அதாவது ஒட்டுப்போர்வை, தைப்பதில் அது ஒரு வகை. ஸ்ரீகாரியத்தில் ஒரு டீச்சர் தன் வீட்டு மாடியில் சொல்லிக்கொடுத்தார். திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் க்வில்ட் எதற்கு என்று கணவர் கேட்டார். சுவரில் மாட்ட என்றேன். சுவருக்குக் குளிருமா என்று கேட்டுவிட்டு, நான் வெட்டிவிடுவேனோ என்று பயந்து தன் பழைய கைலியை ஒளித்து வைத்தார். அதைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது பிடித்தது.

வேலை இதுதான். காகிதத்தில் படத்தைக் கோடுகளாகப் பிரித்து எண் போட்டிருக்கும். துணியைக் காகிதத்துக்கு அடியில் வைத்து, மேலே தெரியும் கோட்டின் மீதே மெஷினை ஓட்ட வேண்டும். பிறகு துணியை மடித்துத் திருப்பி, ஓரத்தை வெட்டி, இஸ்திரி போட்டு, அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். தைக்கும்போது துணி கண்ணுக்கே தெரியாது. குருட்டாம்போக்கில் தைத்துவிட்டுத் திருப்பினால், கூர் மழுங்காத ஒரு நட்சத்திரம் இருக்கும். முதல் நட்சத்திரத்தைப் பார்த்தபோது, பக்கத்து மெஷின்காரருடையதைத் தவறி எடுத்துவிட்டேனோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். துணியைச் சின்னதாக வெட்டிவிட்டு, தைத்து, பிரித்து, மறுபடி தைத்து, மறுபடி பிரித்த நாட்களும் உண்டு. ஆனால் கடைசியில் பின்பக்கக் காகிதத்தைக் கிழிக்கிறோமே, அந்தச் சுகத்துக்கு ஈடே கிடையாது. பொடித் தையலாகப் போட்டிருந்தால் சர்ரென்று வரும். வீட்டில் யார் மீதாவது கோபம் இருந்தால் இன்னும் நன்றாகக் கிழியும். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துணி காகிதத்தின் மறுபக்கம் இருப்பதால் படம் திரும்பித்தான் வரும். காகிதத்தில் இடப்பக்கம் பார்ப்பது துணியில் வலப்பக்கம் பார்க்கும். இதை டீச்சர் முதல் நாளே சொன்னாராம். நான் அப்போது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நட்சத்திரமும் வீடும் தைத்தவரை எனக்கு வித்தியாசம் தெரியவும் இல்லை, அவை எப்படித் திரும்பினாலும் ஒன்றுதானே.

பிறகு, பக்கத்து அங்கன்வாடிச் சுவருக்குப் பெரிய க்வில்ட் ஒன்று செய்து கொடுக்கலாம் என்று முடிவானது. ஆளுக்கு ஓர் ஆட்டோ. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, ஆள் ஏறுகிற இடத்தில் பூப்போட்ட துணி. எல்லாம் வலப்பக்கம் பார்த்து வரிசையாகப் போக வேண்டும். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து, "நான் சொன்ன பக்கம் ஒரு வண்டி போகப் போகுது, வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

"பாக்கலாம், பாக்கலாம். எல்லாத்தையும் சேக்கிற அன்னைக்கு வாறேன், கேட்டியா" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஒரு தடவையாவது அவர் முன்னால் தப்பாமல் இருக்க வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

டீச்சர் கொடுத்த காகிதத்தை விரித்தால், ஆட்டோ இடப்பக்கம் பார்க்கிறது. வகுப்புச் சுவரில் தொங்கிய மாதிரி ஆட்டோவோ வலப்பக்கம் பார்க்கிறது. சோறு தின்னும் கையை இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். சந்தேகமே இல்லை. பாவம், டீச்சருக்கும் என் வியாதிதான் என்று நினைத்தேன். அவர் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. எல்லார் முன்னாலும் சொல்லிச் சங்கடப்படுத்துவானேன் என்று, வீட்டில் ஜன்னல் கண்ணாடியில் காகிதத்தைத் திருப்பி ஒட்டி, பின்பக்கம் கோடு வரைந்து, ஆட்டோவை வலப்பக்கம் பார்க்க வைத்துத் தைத்தேன். சேர்க்கும் நாள்வரை காகிதத்தைக் கிழிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காகிதப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்தே பூரித்துப்போனேன். துணிப்பக்கத்தில் கூரை இவ்வளவு கூராக வந்திருக்கிறதே என்று மயங்கியதில், முகம் எந்தப் பக்கம் என்று பார்க்கவே தோன்றவில்லை.

அந்த நாளும் வந்தது. தரையில் வெள்ளைத் துணி விரித்து ஆட்டோக்களை வரிசையாக வைத்தோம். எல்லாம் வலப்பக்கம் போக, என்னுடையது மட்டும் எதிரே வந்தது. இதோ முட்டப் போகிறது என்று பின்னால் நகர்ந்தவர்கூட உண்டு.

"சேச்சி, இது வன்வே ஆணு கேட்டோ" என்றார் டீச்சர். ஒருவழிப் பாதையாம். மாடியே சிரித்தது. அவர் என் ஆட்டோவை மெல்ல எடுத்து ஓரமாக வைத்து, "சாரமில்லா, நமுக்கு அவிட ஒரு மரம் வைக்காம்" என்று தேற்றினார். என் ஆட்டோவுக்குப் பதில் மரமாம். அந்த நேரம் பார்த்து, ஹெல்மெட்டும் கையுமாகக் கணவர் மாடியேறி வந்தார்.

வரிசையைப் பார்த்தார். ஓரத்தில் கிடந்ததைப் பார்த்தார். யாருடையது என்று அவர் கேட்கக்கூட இல்லை. சிரிக்கப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் குந்தி உட்கார்ந்து, "இதிலெல்லாம் ஆளு எப்படிக் கேறும்?" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"வலத்துப் பக்கமால்லா வாசல் இருக்கு? நெஜ ஆட்டோல அந்தப் பக்கம் கம்பி வச்சு அடைச்சிருப்பான். இறங்கினா நேரா பஸ்சுக்கு அடியிலயாக்கும்." என் ஆட்டோவை எடுத்துக் காட்டினார். "கேறணும்னா இவ ஆட்டோல மட்டுந்தான் கேற முடியும்."

டீச்சர் ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்தார். யாரையோ ஏற்றிக்கொள்ள, எங்கள் பக்கத்து ஓரமாக ஓர் ஆட்டோ நின்றது. கம்பியில்லாத பக்கம் எங்களைப் பார்க்க, மூக்கு இடப்பக்கம் இருந்தது. அச்சு அசல் என்னுடையது. டீச்சர் திரும்பி வந்து, என் ஆட்டோவைக் கீழ்வரிசையில் நடைபாதை ஓரம் வைத்தார், சவாரிக்கு நிற்கிறதாம். மற்றவையெல்லாம் அங்கன்வாடிச் சுவரில் இன்றைக்கும் ஆள் ஏற்றாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வகுப்பில் பேசிக்கொண்ட ஒரு தோசைக் கடைக்குப் போவோம் என்றேன். வழி எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு முக்கு வந்ததும் "லெஃப்ட்" என்றேன். லெஃப்டில் திரும்பினார். சந்து குறுகிக்கொண்டே போய் ஒரு வீட்டு முற்றத்தில் முடிந்தது. பலாமரத்தடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா, "ஆரா?" என்று கேட்டார். இரண்டு பேரும் அசடு வழிந்தோம்.

"என் கையைப் பாக்கலியா?" என்றேன்.

"பாத்தேன். ரைட்டுலதான் நீட்டினே" என்றார், ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டே. "இன்னைக்கு ஒரு நாளாவது நீ சொல்றதக் கேப்போம்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பசியும் இருந்தது.