மனாங் பூரிங் அளந்த மூன்று மில்லிமீட்டர்

பூரிஃபிகாசியோன் கெலேரா என்று முழுப் பெயரைச் சொன்னால் எங்கள் மருத்துவமனையில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. மனாங் பூரிங் என்றால் தெரியும். மனாங் என்றால் அக்கா; டாக்டர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான். இலோயிலோ என்ற துறைமுக நகரில், மருத்துவமனைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறையில் அவரோடு பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அவர் கழுவிச் சரிபார்த்துக் கொடுப்பார். நான் துணியில் சுற்றி நீராவிப் பெட்டிக்குள் வைப்பேன்.

அதற்கு முன் ஒன்பது வருடம் அவர் சலவைப் பகுதியில் இருந்தவர். மடித்து வந்த போர்வைக்குள் யாரோ மறந்துவிட்ட ஒரு கத்தி அவருடைய உள்ளங்கையைக் கிழித்திருக்கிறது. 'ஒன்றுமில்லை' என்று யார் எழுதிக் கொடுத்தாலும் அதன் பிறகு அவர் நம்பியதில்லை.

எலும்பு அறுவைக்கான கருவிகள் எங்களுடையவை அல்ல. கம்பெனியிடம் இரவல் வாங்குவோம். இந்த வாரம் எங்களிடம் இருக்கும் பெட்டி அடுத்த வாரம் கப்பலேறி வேறு தீவுக்குப் போய்விடும். அறுவைக்கு இரண்டு நாள் முன்பே வந்துசேர வேண்டும் என்பது சட்டம். போன இடத்தில் கழுவியதாகத் தாள் இருந்தாலும் நாங்கள் முதலிலிருந்து கழுவுவோம்.

அந்த ஜூன் மாத மழையில் கம்பெனி ஆள் ஜோவெர்ட் நான்கு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தான். மனாங் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினார். எல்லாம் சரி. ஊறவைத்து, துளைகளுக்குள் தூரிகை விட்டுத் தேய்த்து, உலர்த்தி, உருப்பெருக்கி விளக்கின் அடியில் பரப்பினார்.

"மனாங், நகைக்கடையில பேரம் பேசுற மாதிரி பாக்குறீங்களே. கையெழுத்தப் போட்டு விடுங்க, நான் சாப்பிடப் போணும்" என்றான் ஜோவெர்ட்.

"போ தோதோ, சாப்பிட்டுட்டு வா. நான் எங்கயும் ஓடிற மாட்டேன்" என்றார், தம்பியிடம் சொல்வதுபோல்.

அவர் கையில் எலும்பில் துளையிடும் ஊசி ஒன்று இருந்தது. அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அளவுகோலை வைத்து அளந்தார். இன்னொரு முறை அளந்தார். பட்டியலில் நூற்று நாற்பத்தைந்து மில்லிமீட்டர் என்று இருந்தது. அளவுகோலில் நூற்று நாற்பத்திரண்டு.

"இண்டாய், இங்க வா" என்று, தங்கையைக் கூப்பிடுவதுபோல் என்னைக் கூப்பிட்டார். விளக்கடியில் ஊசியின் முனை தட்டையாக, உடைந்த சர்க்கரைக் கட்டி போல மின்னியது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னிடம் தந்திருந்தால் சுற்றிக் கட்டியிருப்பேன்.

ஊசியைத் தனியே எடுத்து வைத்துச் சீட்டு ஒட்டினார். சாப்பிட்டுவிட்டு வந்த ஜோவெர்ட் மறுநாளே வேறு ஊசி கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். என்னைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. மனாங் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். பெட்டியோடு வந்த தாளில், அது கடைசியாகப் பயன்பட்ட மருத்துவமனையின் எண் இருந்தது. நீக்ரோஸ் தீவின் தென்கோடி.

"எங்ககிட்ட எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு" என்றது மறுமுனைக் குரல்.

"எண்ணிக்கை சரிதான்மா. நீளந்தான் குறையுது."

"முனை எங்கயாச்சும் தரையில விழுந்திருக்கும்."

"விழுந்திருக்கலாம். தரையில கெடைச்சுதா? இல்லேன்னா அறுவை செஞ்சுக்கிட்ட ஆளோட உடம்புக்குள்ள பாருங்க."

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். அவர் மீண்டும் அழைத்தார். மூன்றாம் முறை அழைத்தபோது, அந்த அறுவையைச் செய்த டாக்டரையே பிடித்துவிட்டார். அந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாராம். பிறகு, "உங்க பேர் என்ன?" என்று மட்டும் கேட்டாராம். புகார் கொடுக்கத்தான் பெயரைக் கேட்கிறார் என்றார் மனாங். வேலை போய்விடும் என்று இருவருமே நினைத்தோம்.

நான்காம் நாள் அந்த டாக்டரே அழைத்தார். நோயாளியின் பெயர் கிரிசாந்தோ, டிரைசிகிள் என்ற மூன்று சக்கர வாடகை வண்டி ஓட்டுகிறவர். அறுவைக்குப் பிறகு மூன்று வாரமாக முழங்காலை மடக்க முடியவில்லை. வலி போகப் போகச் சரியாகும் என்றே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது வேறு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்ததில், எலும்பில் பொருத்திய உலோகத் தகட்டின் பின்னால், மூட்டின் விளிம்பில் ஒரு துணுக்கு தெரிந்தது. எடுத்துவிட்டார்கள்.

கடல் தாண்டி ஒருவனின் முழங்காலுக்குள் இருந்ததை இந்தப் பெண்மணி ஒரு அளவுகோலால் பார்த்துவிட்டார். அன்று அவர் பக்கத்தில் நின்று வேலை செய்யவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரோ அடுத்த தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் கிரிசாந்தோ, டாக்டர் சொன்ன பெயரை விசாரித்துக்கொண்டு வந்தார். லிஃப்ட் இருந்தும் படியிறங்கி வந்தார். கையில், இலையில் சுற்றிய பசையரிசிப் பலகாரம். நனைந்த ஏப்ரனோடு நின்ற மனாங்கைப் பார்த்துத் திகைத்தார்.

"நீங்கதானா? யாரோ பெரிய டாக்டர்னு நெனச்சு நல்ல சட்டையெல்லாம் போட்டுட்டு வந்தேன்."

"சட்டை நல்லாத்தான் இருக்கு. காலை மடக்குங்க பாப்போம்."

அவர் குந்தி உட்கார்ந்து எழுந்தார்.

"இன்னொரு தடவ."

மறுபடி உட்கார்ந்து எழுந்தார். மனாங் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் கழுவியதெல்லாம் யார் உடம்புக்குள் போகிறது என்று அதுவரை எங்களுக்குத் தெரிந்ததே இல்லை. அன்றுதான் ஒரு ஆளைப் பார்த்தோம்.

அறைக்குள் சாப்பிடக் கூடாது என்பதால் மூவரும் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து இலையைப் பிரித்தோம்.