பாட்டா சாப்

கல்கத்தாவுக்குப் போன ஆறாவது மாதமே எனக்கு வங்காளி வந்துவிட்டது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையால் எனக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. வரவேண்டியதெல்லாம் என் சிநேகிதன் தலையில் போய் விழுந்தது.

நாங்கள் மூன்று பேர், பவானிபூரில் ஒரே அறை. லால் திக்கிக் குளத்தைச் சுற்றியிருந்த வெள்ளைக்காரக் கம்பெனிகளில் ஆளுக்கொரு குமாஸ்தா நாற்காலி. ஒருவன் கும்பகோணத்துக்காரன். கல்கத்தாவில் எதைச் சாப்பிட்டாலும் கும்பகோணத்தில் இதைவிட நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு இரண்டாவது தட்டு கேட்பான். இன்னொருவன் நாஞ்சில் நாட்டுக்காரன். அவன்தான் இந்தக் கதைக்கு உரியவன். வாயைத் திறந்தால் பொய் வராது, வெங்காயம் உள்ளே போகாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கல்கத்தாவில் எப்படிப் பிழைப்பான் என்று எங்களுக்கு நிஜமாகவே கவலை.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். மெஸ்ஸில் வாரம் முழுவதும் அதே பூசணிக்காய்ச் சாம்பார் என்பதால், சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் டிராம் ஏறிவிடுவோம். ஒரு வாரம் காளிகாட்டில் கச்சோரியும் உருளைக்கிழங்கும், மறு வாரம் வடக்கே போய் சந்தேஷ் என்ற பால் இனிப்பு. எங்கே போனாலும் நாஞ்சில்காரன் கடை வாசலிலேயே நின்று விசாரணை நடத்துவான். எந்த எண்ணெய், யார் பிசைந்தது, மீன் பொரித்த சட்டியா என்று ஒவ்வொன்றாக என்னைக் கேட்கச் சொல்வான். நான் எனக்குத் தெரிந்த வங்காளியில் கேட்பேன். கடைக்காரன் அவனுக்குத் தோன்றியதைச் சொல்வான். அதற்குள் கும்பகோணம் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பங்குனியில் ஆபீஸில் என் பக்கத்து மேஜை வங்காளி பாபு, தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு கறியைக் கொஞ்சம் எடுத்து எனக்கு வைத்தார். நான் தயங்கியதைப் பார்த்து, பயப்படாதே, விதவையான தன் அத்தை சமைத்தது, வெங்காயம்கூடக் கிடையாது என்றார். சாப்பிட்டால் பலாப்பிஞ்சு. மசாலா போட்டுப் பிரமாதமாக இருந்தது. பெயர் என்னவென்று கேட்டேன். 'காச் பாட்டா' என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். வங்காளி தெரிந்தவன் அதையெல்லாம் கேட்பானா?

அன்று சாயங்காலம் அறையில் சொற்பொழிவு ஆற்றினேன். காச் என்பது வேறொன்றுமில்லை, நம்முடைய காய்தான். வங்காளி வாயில் அப்படி ஆகிவிட்டது. ஆக, காச் பாட்டா என்றால் பலாக்காய், வெறும் பாட்டா என்றால் பலா. கும்பகோணம் ஒத்துக்கொண்டான். நாஞ்சில்காரன் மட்டும், தங்கள் பக்கத்தில் பாட்டா என்றால் தாத்தா, அதைப் போய் எப்படிச் சாப்பிடுவது என்று முனகினான்.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, நனைந்துபோய் ஒரு கேபினுக்குள் ஒதுங்கினோம். கேபின் என்றால் அப்போது ஊரில் புதிதாக முளைத்துக்கொண்டிருந்த டீக்கடை. மரத்தடுப்பு, அழுக்குத் திரை, சலவைக்கல் மேஜை. டீயோடு சாப் கிடைக்கும் என்றான் பரிமாறுகிறவன். உள்ளே எதையாவது வைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த உருண்டை அது. என்னென்ன சாப் என்று கேட்டேன். மாச், டிம், பாட்டா என்று ஒப்பித்தான். மாச் மீன் என்று எனக்குத் தெரியும். டிம் முட்டை என்றும் தெரியும். இரண்டையும் கையால் விலக்கிவிட்டு, பாட்டா மூன்று தட்டு என்று உத்தரவிட்டேன். எங்கள் ஆசாரத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு.

நாஞ்சில்காரன் தட்டின் ஓரத்தில் இருந்த பச்சை வெங்காயத்தை விரல் படாமல் கரண்டியால் தள்ளி ஒதுக்கினான். சாப்பைப் பிட்டு ஒரு வாய் போட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இன்னொன்று கேட்டான். அதன் பிறகு சனிக்கிழமை எங்கே போவது என்ற பேச்சே எழவில்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, எல்லா மாதமும் பாட்டா சாப். திரைக்குப் பின்னால் ஒவ்வொரு தடவையும் வெங்காயத்தை மட்டும் பக்தியோடு ஒதுக்கினான்.

மார்கழியில் வங்காளி பாபுவிடம் பேச்சுவாக்கில் கேபின் பலாக்காயைப் புகழ்ந்தேன். இந்தக் குளிரில் பலாக்காயா என்று அவர் கேட்டார். என்ன சொல்லி வாங்குகிறாய் என்று அடுத்ததாகக் கேட்டார். சொன்னேன். மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நாலு மேஜை தள்ளியிருந்த துரை எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். காச் என்றால் மரம். பாட்டா என்றால் ஆட்டுக்கடா. பலாக்காய்க் கறி மாமிசம் மாதிரியே இருப்பதால் அவர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர், மர ஆடு. மரத்தை விட்டுவிட்டால் மிச்சம் வெறும் ஆடு.

பாத்ரூமுக்குப் போய்த் தொண்டையில் விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. ஐந்து மாதத்து ஆடு அவ்வளவு சுலபத்தில் வெளியே வந்துவிடுமா? என் விஷயம் போகட்டும், எப்படியும் கெட்டுப்போகிறவன்தான் என்று சமாதானம் செய்துகொண்டேன். நாஞ்சில்காரன் விஷயத்தில் அந்தச் சமாதானம் செல்லாது. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பவானிபூரிலேயே, இருபது வருஷமாகக் கல்கத்தாவில் இருக்கும் ஒரு ஹெட் கிளார்க்கின் மகள். அந்தப் பெண்ணைக் கோயிலில் ஒரு தடவை பார்த்துவிட்டு, ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரண்டவன் அவன். ஹெட் கிளார்க்கோ ஆசாரத்துக்குப் பேர் போனவர். ஆபீஸில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்று சொல்வார்கள்.

அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் கேபினுக்குப் போனோம். நானும் சாப்பிட்டேனா என்று கேட்காதீர்கள்.

தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொஜ்ஜி, பஜ்ஜிக்கு அழைத்தார்கள். அவனுக்கு ஊரிலிருந்து யாரும் வர முடியாததால் நான்தான் பெரிய மனுஷன். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஹெட் கிளார்க் கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வெளியிலே சாப்பிடற வழக்கம் உண்டோ?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம். நான் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.

"உண்டு மாமா" என்றான் அந்த அரிச்சந்திரன். "சனிக்கிழமை கேபின்ல பலாக்காய் சாப் சாப்பிடுவேன். வெங்காயத்தை ஒதுக்கிடுவேன்."

"கடைசியா எப்போ?"

"நேத்திக்கு."

ஹெட் கிளார்க் ஜன்னலைப் பார்த்தார். வெளியே தை மாதத்துப் பனி. பிறகு எழுந்து, கை அலம்ப வாரும் என்று என்னை மட்டும் கூப்பிட்டு, பின்கட்டுக் குழாயடிக்கு அழைத்துப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, அந்தப் பலாக்காயை என்ன பெயர் சொல்லி வாங்குகிறோம் என்று மெல்லக் கேட்டார். பாட்டா என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது, அவனுக்கு ஒன்றும் தெரியாது, வங்காளி தெரியும் என்று பீற்றிக்கொண்ட மடையன் நான்தான், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அவனை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவன் இந்தப் பெண்ணுக்காக எப்படித் தவித்தான் என்பது எனக்கல்லவா தெரியும்.

"எந்தக் கேபின்?" என்றார்.

சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

"அங்கேயா? அவன் எண்ணெயை மாத்தறதே கிடையாது, ஓய். மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒருத்தன் போடறான், அது சாப்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் குழாயை மூடிவிட்டு அங்கவஸ்திரத்தில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பையன் நல்லவன். அவன்கிட்டே சொல்லிடாதேயும், தாங்க மாட்டான். இனிமே அவனை அங்கே அழைச்சுண்டும் போகாதேயும்."

மாசியில் கல்யாணம் நடந்தது. பலா சாப் போடுவதை அந்தக் கேபின்காரன் நிறுத்திவிட்டான் என்று நாஞ்சில்காரனிடம் ஒரு பொய் சொன்னேன். அவனுக்குப் பொய் சொல்லத்தான் தெரியாது, நம்ப நன்றாகத் தெரியும். ஏதோ நெருங்கிய சொந்தத்தில் துக்கம் நடந்தது மாதிரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கும்பகோணத்துக்காரன் பம்பாய்க்கு மாற்றலாகிப் போனான். சனிக்கிழமைகளில் நான் தனியாகிவிடுவேன் என்று பயந்தேன். ஆனால் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கேபினில், கடைசித் தடுப்பில், திரையை நன்றாக இழுத்து மூடிக்கொண்டு எனக்கு ஒரு துணை இருந்தது. அவர் வெங்காயத்தையும் ஒதுக்க மாட்டார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பங்குனியில் நாஞ்சில்காரன் வீட்டில் சாப்பாடு. நானும் அவன் மாமனாரும் அடுத்தடுத்த இலை. புருஷன் ஏங்குவதைக் கேட்டுக் கேட்டு, அவன் மனைவி பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளிடம் பக்குவம் கற்றுக்கொண்டு, பலாக்காய் சாப்பே செய்திருந்தாள். காலையிலிருந்து அடுப்படியில் நின்றதில் முகமெல்லாம் சிவந்திருந்தது. எதிர் இலையில் உட்கார்ந்திருந்த நாஞ்சில்காரன் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். நானும் மாமனாரும் இலையைப் பார்த்தோம்.

"நன்னாத்தான் பண்ணியிருக்கே" என்றான். அவனுக்குப் பொய் வராது. "ஆனா அது வேற மரத்துக் காய்டி. அந்த ருசி இனிமே எனக்கு எங்கே கிடைக்கப்போறது?"

அவன் குரலில் இருந்த ஏக்கம் என்னைக் குத்தியது. முந்தின நாள் சாயங்காலம்தான் அந்த மரத்துக் காயில் ஆளுக்கு மூன்று தின்றிருந்தோம், நானும் அவருமாக. மாமனார் தலை நிமிராமல் மகளிடம் கொஞ்சம் மோர் கொண்டுவரச் சொன்னார்.