‘நம்புகிறேன்’ என்று தனியாகச் சொன்ன காலை

சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருதய ஆபரேஷனுக்காகக் காத்திருந்தேன். பயத்தில், கிறிஸ்தவர்கள் ஜெபத்தில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை முணுமுணுத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த மும்தாஜ் அக்கா, "என்னம்மா ஓதுற?" என்று கேட்டார்.

"எங்க விசுவாசப் பிரமாணம்க்கா. கடவுளை நம்புறதா மாதா கோயில்ல எல்லாரும் எழுந்து நின்னு சொல்லுவோம்."

"எங்க கலிமா மாதிரியா? அத்தினி பேரும் சேர்ந்து சொன்னா 'நம்புறோம்'னுதானே வரும்?"

"இல்லக்கா, 'நம்புகிறேன்'னுதான்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எங்கள் ஊர் கடலூரில் ஞாயிறுதோறும் கூட்டத்தோடு கூட்டமாகச் சொன்னாலும், அதை எனக்காக வேறு யாரும் சொல்ல முடியாது.

"அப்ப தெம்பா சொல்லும்மா" என்றார் அக்கா.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி சத்தமாகவே சொன்னேன். படைத்தவர் கையில் என்னையே ஒப்படைப்பதுதான் அதன் அர்த்தம் என்று புரிந்தது. பயம் விட்டுப்போனது.

பிழைத்தேன். பிழைக்காமல் போயிருந்தாலும் அந்தச் சொல் பொய்யாகியிருக்காது.