நடுகல்லுக்கு நான் எழுதிய மனு

தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை. மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனின் நடுகல்லை லாரியில் ஏற்றுகிறார்கள். அதை அருங்காட்சியகத்தில் வைத்துக் காப்பாற்றச் சொல்லி ஆறு மனு எழுதியவன் நான்தான். என் எழுத்தால் ஒன்று நகர்வது இதுவே முதல் தடவை என்பதால், வேடிக்கை பார்க்கப் பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வருகிறாள்.

"இன்னாங்க, கல்ல எங்க தூக்கிக்கினு போறீங்க?"

"மியூசியத்துக்கும்மா," என்கிறேன் நான். "அங்கே பத்திரமா இருக்கும்."

"எம் பொண்ண இந்தக் கல்லுலேர்ந்து ஏழு தப்படி தள்ளித்தாங்க பொதச்சோம். மண்ணு மேடுகூட கரஞ்சிபோச்சி. இனிமே எத வெச்சித் தேடுவேன்?"

லாரி போய்விடுகிறது. கல் பெயர்த்த குழியிலிருந்து ஏழு தப்படி எண்ணி, அவள் அசையாமல் நிற்கிறாள். அங்கே நட்டுவைக்க, சாலையோர ஜல்லிக் குவியலில் ஒரு கல் தேடுகிறேன். எதை எடுத்தாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது.