இறந்த காலத்தில் ஏலம் கேட்டவன்

ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்த நான், பத்தாவது தேறாத ஒருவனுடைய தந்தி வாசகத்தைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். வெளியே சொல்லத் தக்கதல்ல.

எழுபதுகளின் கடைசியில் போடியில், வடக்கத்தி வியாபாரிகளுக்காக ஏலம் எடுத்துக் கொடுக்கும் ஓர் ஏலக்காய் கமிஷன் கடையில் வேலை. மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் மூட்டைகளுக்கு நான் விலாசம் எழுதுவேன். அந்த வியாபாரிகளுக்கு ஆங்கிலத்தில் தந்தி எழுதுகிறவன் முதலாளியின் அக்கா மகன். ஏலக் கூடத்தில் முதலாளிக்குப் பக்கத்து நாற்காலி அவனுக்கு. காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது. அந்தக் காலாட்டல் உட்பட.

ஒருநாள், முந்தைய தினம் ஏலத்தில் எடுத்த பன்னிரண்டாம் லாட்டு மூட்டைகளுக்கான தந்தியை எழுதி மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். ஏலம் கேட்டோம் என்பதற்கு ‘பிட்’ (bid) என்று எழுதியிருந்தான். நேற்றுக் கேட்டதற்கு இறந்த காலம் வேண்டாமா? அடித்துவிட்டு ‘பேட்’ (bade) என்று எழுதி முதலாளியிடம் நீட்டினேன்.

“அண்ணே, நேத்து நடந்ததை இன்னைக்கு நடக்கிற மாதிரி எழுதியிருக்கார்.”

“அப்படியா வாத்தியாரே? திருத்தி வெரசா அனுப்பு.”

அன்று முழுக்க விலாசங்களை அச்சு எழுத்துப் போல எழுதினேன்.

மறுநாள் பதில் தந்தி வந்தது. சரக்குக் கெட்டது என்றால் எங்களுக்கு வேண்டாம். என்னுடைய ‘பேட்’டின் கடைசி எழுத்தை எழுத்துப் பிழையென்று தள்ளிவிட்டு, ‘bad’, கெட்டது என்று படித்திருக்கிறார்கள்.

“பச்சைப் பசேல்னு இருக்கிற காயை, கெட்டுப் போச்சுன்னு நாமளே தந்தி குடுத்திருக்கோம். நல்லா இருக்குய்யா ஒன் இறந்த காலம்” என்றார் முதலாளி. அக்கா மகன்தான் வடக்கே டிரங்க் கால் போட்டு, தொண்டை கிழியக் கத்திச் சரிசெய்தான். பிறகு போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

நான் அகராதியிடம் நியாயம் கேட்கப் போனேன். அந்த வினைச்சொல் பழைய ஆங்கிலத்தில் இரண்டாக இருந்ததாம். ஒன்றுக்குப் பொருள் இரத்தல், வேண்டுதல். மற்றதற்கு முன்வைத்தல், கட்டளையிடுதல். ஒலி நெருங்கியதால் காலப்போக்கில் ஒன்றாகிவிட்டன. பிரியாவிடை சொல்லவும் ஆணையிடவும் ‘பேட்’ பொருந்தும். ஏலத்தில் மட்டும் நேற்றும் ‘பிட்’, இன்றும் ‘பிட்’. நாமும் ஏலம் ‘கேட்கிறோம்’ என்றுதானே சொல்கிறோம்? இரப்பவன் பேச்சு, அதிகாரக் குரலில். அந்த நாற்காலிக்காக நான் செய்ததும் அதுவே.

இவ்வளவையும் டீக்கடையில் அவனிடமே ஒப்பித்தேன். அவன் எழுதியது சரி என்று ஒப்புக்கொள்வது போலவும், அது ஏன் சரி என்பது எனக்குத்தான் தெரியும் என்பது போலவும். பொறுமையாகக் கேட்டான்.

“எனக்கு அந்த ஒரு சொல்லுதாண்ணே தெரியும். ரெண்டு தெரிஞ்சிருந்தா நானும் தப்பாத்தான் எழுதியிருப்பேன்” என்றான்.