நான் குடிக்காத தேநீர்

மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியத்துக்காகச் சென்னையிலிருந்து லண்டன் வந்தவள் நான். அங்கே இல்ஃபோர்ட் பகுதியில் வாரக்கணக்காக எந்த வீட்டுக் கதவும் எங்களுக்குத் திறக்கவில்லை. உடன் வரும் தோழிக்குத் தமிழ் தெரியாது. ஒருநாள் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் என் தமிழைக் கேட்டுவிட்டு, உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். எங்கள் சபையில் தேநீர் குடிப்பதில்லை. காரணம் சொல்லாமல், "வேண்டாம்க்கா" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஏன், எங்கட வீட்டில வாய் நனைக்க மாட்டீங்களோ?"

சாதி பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் பதறி விளக்குவதற்குள், "நான் வேலைக்கு வெளிக்கிட வேணும்" என்று கதவருகே போய் நின்றார். பஸ்ஸில் வரும்போது அதைத் தமிழில் சொல்லி அழக்கூட ஆளில்லை.

இப்போதெல்லாம் உள்ளே கூப்பிடும் வீடுகளில் உட்காரும் முன்பே, "குடிக்கச் சுடுதண்ணி தாங்கக்கா" என்று நானே கேட்டுவிடுகிறேன். எல்லோரும் தருகிறார்கள். அந்த அக்கா வீட்டுக் கதவு மட்டும் பிறகு திறக்கவேயில்லை.