மறுபடி அக்கா

உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியை மேசைமேல் வைத்ததும் அக்கா இரண்டு கைகளையும் வெள்ளை அங்கியின் பைகளுக்குள் விட்டுக்கொள்கிறார். இனி அரை மணி நேரம் அதை யாரும் தொடக்கூடாது, அவர் உட்பட. சில்லென்று இருக்கும்போதே மூடியைத் திறந்தால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். குப்பியின் அடியில் ஒட்டிக் கிடக்கும் சிட்டிகை அளவு வெள்ளைப் பொடி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அப்புறம் நிறுத்துப் பார்ப்பதெல்லாம் வீண் வேலை. "கையை வெளிய விட்டா சும்மா இருக்காது, திறந்து பாக்கலாமாங்கும். அதான் உள்ள போட்டு வச்சிருக்கேன்" என்பார்.

அந்த அரை மணி நேரத்தில்தான் கணவரின் அழைப்பு வரும். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில், கிரீஸ் கையோடு தோளுக்கும் காதுக்கும் நடுவே கைபேசியை இடுக்கிக்கொண்டு பேசுவார்.

"என்ன, குப்பிக்குக் குளிர் விட்டுச்சா?"

"இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு, சொல்லுங்க."

எந்த வீட்டுக்குக் குடிபோவது, மகளைப் பல் மருத்துவம் படிக்க வைப்பதா வேண்டாமா என்று இந்தக் குடும்பத்தின் பெரிய முடிவுகள் எல்லாமே ஏதோ ஒரு குப்பி குளிர் விடும் நேரத்தில் எடுக்கப்பட்டவைதான்.

பெப்டைடு என்னும் புரதத் துணுக்குகளைச் செய்து தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் தரம் பார்ப்பது அக்காவின் வேலை. பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறார். என்ன வேலை என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டு வைத்தால் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "மணி கோக்குற மாதிரிங்க. இருபது வகை மணி இருக்கு. எந்த வரிசையில வேணும்னு கேக்குறாங்களோ, அந்த வரிசையில எங்க ஆளுங்க கோத்துக் குடுப்பாங்க. கோத்தது சரிதானான்னு நான் பாப்பேன்." அந்த மணிச்சரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று அடுத்த கேள்வி வரும். ஆய்வுக்கூடங்கள் வாங்கிக்கொண்டு போய், அது குறிப்பிட்ட ஒரு புரதத்தோடு ஒட்டுகிறதா, எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று சோதிப்பார்கள். ஒட்டினால் என்றோ ஒரு நாள் மருந்துக்கு வழி பிறக்கலாம். சரமே தப்பாக இருந்தால்? "பாவம், மாசக் கணக்குல இல்லாத ஊருக்கு வழி தேடிட்டிருப்பாங்க." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது.

அறையில் இரண்டு பெரிய இயந்திரங்கள். ஒன்று சரத்தின் எடையைச் சொல்லும். இன்னொன்று சரக்கில் கலப்படம் எவ்வளவு என்று கணினித் திரையில் கோடு வரைந்து காட்டும். கோடு ஒரே ஒரு மலையாக ஏறி இறங்கினால் சுத்தம். மற்றவர்கள் மலையைப் பார்ப்பார்கள், இவர் மலையின் ஓரத்தில் கலப்படத்தைக் காட்டும் புடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து, "இதுக்குத் தோள் இருக்கு" என்பார். பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தோளும் தெரியாது, முழங்கையும் தெரியாது. "மறுபடி ஓட்டுங்க" என்று உத்தரவு வரும். இரண்டாவது தடவை ஓட்டினால் தோள் கொஞ்சம் தெரியும். மூன்றாவது தடவை ஓட்டினால், சரக்கைச் செய்த ஆட்கள் தலையைச் சொறிந்துகொண்டு குப்பியைத் திருப்பி எடுத்துப் போவார்கள்.

முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது, மறுபடி அக்கா. இப்போது கூரியர்காரர்கூட வாசலில் நின்று, "மறுபடி அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார். அவருக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

வீட்டிலும் அதே கதைதான். மூன்று மாடி இறங்கி வந்தபின், பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று மூன்று மாடி ஏறுவார். மகள் சிறுமியாக இருந்தபோது சரியாகப் போட்ட கணக்கையும் இன்னொரு தரம் போடச் சொன்னதில், "சரியா இருக்குன்னு சொன்னா நம்பவே மாட்டியாம்மா?" என்று அது அழுதிருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் கணவருக்கு ஒரு நகைச்சுவை உண்டு. "என் பொண்டாட்டி வாழ்க்கையில ஒரே தடவை பாத்து ஓகே சொன்னது என்னை மட்டும்தான்." அதற்கு அக்காவின் பதிலும் பழசுதான். "அதுக்கப்புறம்தான் எல்லாத்தையும் ரெண்டு தடவை பாக்க ஆரம்பிச்சேன்."

ஒவ்வொரு குப்பியோடும் ஒரு சான்றிதழ் போகும். அதன் அடியில் அவர் கையெழுத்து. கையெழுத்து என்று சொல்வதற்கில்லை. பள்ளிப் பிள்ளை நோட்டின் அட்டையில் எழுதுவதுபோல முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதுவார். ஏன் இவ்வளவு பொறுமை என்றால், "கிறுக்கிட்டுப் போனா, நாளைக்கு ஒண்ணுன்னா இது நான் போட்டதே இல்லன்னு சொல்லத் தோணும்" என்பார்.

அவர் சொன்ன அந்த 'நாளை' போன மாதம் வந்தது.

ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து மேலாளருக்கு ஒரு கடிதம். எழுதியது ஓர் ஆராய்ச்சி மாணவி. மூன்று மாதத்துக்கு முன் இரண்டு குப்பிகள் வாங்கியிருந்தாள். ஒன்று, புரதத்தோடு ஒட்ட வேண்டிய நிஜச் சரம். பன்னிரண்டு மணி. மற்றது அதே பன்னிரண்டு மணிகளை வரிசை கலைத்துக் கோத்த போலிச் சரம். அது ஒட்டக்கூடாது. நிஜம் ஒட்டி, போலி ஒட்டாமல் போனால்தான் சோதனைக்கு மதிப்பு. அவளுக்கு வந்ததோ தலைகீழ். போலி ஒட்டுகிறது, நிஜம் ஒட்டவில்லை. அவள்தான் மேசையில் குப்பிகளை மாற்றி வைத்துவிட்டாள் என்கிறார் பேராசிரியர். மூன்று முறை முதலிலிருந்து செய்ய வைத்துவிட்டார். வரும் திங்கள்கிழமையிலிருந்து அவள் வேலை இன்னொருவர் கைக்குப் போகிறது. கடிதத்தின் கடைசியில், 'நான் மாற்றி வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்போது எனக்கே என்மேல் சந்தேகமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தாள்.

அந்த வரியை அக்கா இரண்டு தடவை படித்தார்.

அனுப்பும் ஒவ்வொரு சரக்கிலும் ஒரு சிட்டிகை இங்கே உறைபெட்டியில் பத்திரமாக இருக்கும். இரண்டு சிட்டிகைகளையும் எடுத்து மேசையில் வைத்து, கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார். கணவர் அழைத்தார். "இன்னிக்கு அப்புறம் பேசுறேனே" என்று வைத்துவிட்டார். இப்படி அவர் வைத்தது அதுதான் முதல் தடவை.

எடை பார்த்தார். இரண்டும் ஒரே எடை, புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வரை. இருக்காதா பின்னே? அதே மணிகள்தானே. எப்படி மாற்றிக் கோத்தாலும் எடை மாறாது. நிஜத்தையும் போலியையும் பிரித்துச் சொல்ல ஒரே வழிதான் அவரிடம் இருந்தது. இயந்திரத்துக்குள்ளேயே சரத்தை உடைத்து, துண்டுகளைத் தனித்தனியாக எடை போட்டால், எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்று படித்துவிடலாம். நிறுவனத்தின் விதிமுறையில் இந்தச் சோதனை இல்லை. அக்காவின் வழக்கத்தில் உண்டு. இப்படி ஜோடியாக வரும் சரக்கை உடைத்துப் பார்க்காமல் விட்டதாக அவருக்கு நினைவே இல்லை.

உடைத்தார். படித்தார். நிஜம் என்று சீட்டு ஒட்டியிருந்த குப்பியில் போலி இருந்தது. போலி என்று சீட்டு ஒட்டியிருந்ததில் நிஜம்.

"மறுபடி" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மறுபடியும் அதே. இன்னொரு தடவையும் அதே. தப்பு இருந்துவிடுமோ என்று பத்தொன்பது வருஷம் மறுபடி ஓட்டியவர், அன்று தப்பு இல்லாமல் போய்விடாதா என்று ஓட்டினார்.

மூன்று மாதத்துக்கு முந்தைய குறிப்பேட்டைப் புரட்டினார். சரம் செய்யும் அறையில் இரண்டு சோதனைக்குழாய்கள் இடம் மாறியிருக்க வேண்டும். அது அங்கே நடக்கக்கூடியதுதான். அதைப் பிடிக்கத்தான் இவர் இருக்கிறார். அந்தத் தேதியில் இரண்டே இரண்டு கோட்டுப் படங்கள் ஒட்டியிருந்தன. தோள் இல்லை, மடிப்பு இல்லை, அச்சில் வார்த்ததுபோல இரண்டு மலைகள். பக்கத்து அறையிலிருந்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டியதுகூட நினைவுக்கு வந்தது. கீழே 'நன்று' என்று எழுதி, அதன் அடியில் எழுத்து எழுத்தாகத் தன் பெயர். உடைத்துப் பார்த்த தாள் மட்டும் இல்லை. அன்றைக்குக் காய்ச்சலும் இல்லை, அவசரமும் இல்லை. சாக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை.

மேலாளர் நல்ல மனிதர், அக்காவைவிடப் பத்து வயது இளையவர். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏன்க்கா இப்படி?"

"கோடு பாக்க அழகா இருந்துச்சு சார். விட்டுட்டேன்."

"சரி விடுங்க. விதிமுறைப்படி அந்தச் சோதனை நம்ம கணக்குலயே இல்ல. ரெண்டு குப்பியும் புதுசா செஞ்சு அனுப்பிடுவோம். ஒரு நல்லெண்ணத்துக்காகன்னு எழுதிக்கலாம். மாறிப்போச்சுன்னு எழுத்துல குடுத்தா, அடியில யார் கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"மேலிடத்துல அப்புறம் இந்த ரூமை உங்ககிட்டயே விடுவாங்களா? யோசிச்சீங்களா?"

அக்கா யோசித்திருந்தார். அந்த அறையைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது.

"புதுக் குப்பி போனா சோதனை சரியா வந்துடும் சார். சரியா வந்தா என்ன ஆகும்? பாத்தியா, முன்னாடி நீதான் மாத்தி வச்சிருக்கேன்னு அந்தப் பொண்ணு தலையில உறுதியா எழுதிடுவாங்க. நாமளே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும்."

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "உங்க இஷ்டம்க்கா. நான் தடுக்கல. ஆனா உங்களுக்காக என்ன பேச முடியும்னும் எனக்குத் தெரியல" என்று சொல்லி, அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் கணவரிடம் சொன்னார். வழக்கமான நகைச்சுவை எதையாவது எடுத்து விடுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"எட்டு வருஷம் முன்னாடி ஒரு லிஃப்ட்ல ஒரு போல்ட்டை முறுக்காம வந்துட்டேன். ராத்திரி படுத்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. விடிஞ்சதும் ஓடிப்போய் முறுக்கிட்டேன். ஒண்ணும் ஆகல, ஒருத்தருக்கும் தெரியாது."

"என்கிட்டகூடச் சொல்லல?"

"யார்கிட்டயும் சொல்லல. இன்னிக்கும் அந்தக் கட்டடத்துக்குப் போனா மட்டும் நான் படியிலதான் ஏறுறேன்."

அக்கா எழுந்து போய் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினார். போதும் என்று அவரும் சொல்லவில்லை.

கடிதம் எட்டே வரிதான். அதற்கு மூன்று தாள் கிழிந்தது. முதல் தாளில் 'இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு' என்று இருந்தது. தானே படித்துப் பார்த்து, "இதுக்குத் தோள் இருக்கு" என்று கிழித்துப் போட்டார். அதில் கடைசியாக நின்ற வரிகள் இவை: 'இரண்டு குப்பிகளும் எங்களிடமே மாறிவிட்டன. சரிபார்க்கும்போது நான் உடைத்துப் பார்க்கத் தவறினேன். தவறு உங்கள் மேசையில் நடக்கவில்லை.' அடியில் முழுப் பெயர், எழுத்து எழுத்தாக.

மறுநாள் காலை, தபாலில் போடுவதற்கு முன் அந்த எண்ணுக்கு அழைத்தார். மேசைமேல் வேறொரு குப்பி குளிர் விட்டுக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, கைபேசியைக் காதில் வைத்தபடி மேசையில் கிடந்த கடிதத்தைப் படித்துக் காட்டினார். மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"லைன்ல இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன் மேடம்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "அப்ப நான் மாத்தி வைக்கலையா?"

"இல்லம்மா. நீங்க செஞ்சது சரி. மூணு தடவையும் சரி. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

"எனக்குத் தூக்கமே வரல மேடம். குப்பி மேல இருக்குற பேரையே நாள் முழுக்கப் பாத்துட்டு இருந்தேன்."

அக்காவுக்குத் தன் மகளின் குரல்போல இருந்தது. சரியா இருக்குன்னு சொன்னா நம்பவே மாட்டியாம்மா? கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. "கடிதத்தை இன்னிக்கே தபால்ல போடுறேன். திங்கக்கிழமைக்குள்ள கிடைச்சிடும். உங்க சார்கிட்ட காட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

"மேடம், ஒரு நிமிஷம்." அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம், காலடிச் சத்தம், ஒரு நாற்காலி நகரும் சத்தம். "எங்க சார் வந்துட்டாரு. இன்னும் ரெண்டு பேரும் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடுறேன். மறுபடி ஒரு தடவை படிப்பீங்களா?"

மறுபடி அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். பைக்குள் இருந்த கையை வெளியே எடுத்து அங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழுத்து வரை போட்டுக்கொண்டார். பிறகு கடிதத்தைக் கையில் எடுத்து, முதல் வரியிலிருந்து, இன்னும் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.